வழியாத சீழ்

ஒரு சனிக்கிழமை இரவு டொரொன்டோவிலிருந்து என் அக்காள் மகள் காணொளியில் அழைத்தாள். அவள் உள்ளங்கையில் ‘புள்ளி’ உட்கார்ந்திருந்தது. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு, அதில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் பொட்டுகள். லெப்பர்ட் கெக்கோ என்று வளர்ப்பவர்கள் சொல்லும் சிறுத்தைப் பல்லி.

“மாமா, இதோட கீழ் உதட்டுல சோத்துப் பருக்கை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. ஈரப் பஞ்சால தொட்டுப் பார்த்தேன், வரல. ரெண்டு நாளா புழுவைக் கவ்வுது, உடனே விட்டுடுது” என்றாள்.

திரையில் உற்றுப் பார்த்தேன். வாய் முழுதாக மூடவில்லை. ஒரு பக்கத்து உதடு மட்டும் லேசாகத் தடித்திருந்தது. பருக்கை என்று அவள் சொன்னது சீழ்.

சீழ் என்றால் நமக்கு வழிவதுதான் நினைவுக்கு வரும். பழுத்த கட்டி உடைந்தால் ஒழுகும், துணியில் ஊறும். பல்லியின் சீழ் வழியாது. பனீர்த் துண்டு போலக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். கிள்ளினால் புட்டு போல உதிரும். ஒரே வேலைக்காக உடம்பு செய்கிற ஒரே பொருள், நம்மிடம் ஏன் கூழாகவும் பல்லியிடம் ஏன் கட்டியாகவும் இருக்கிறது?

இன்னொரு புதிரும் உண்டு. எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஒரு பல்லிக் குடும்பம் இருக்கிறது. அவற்றுக்கு யாரும் சத்துப்பொடி தூவித் தீனி போடுவதில்லை, பெட்டியைக் கழுவுவதில்லை. அவற்றின் வாய் அழுகி நான் பார்த்ததில்லை. நோயுற்ற பல்லி நம் கண்ணில் படுமுன்பே எறும்புக்கும் பூனைக்கும் போய்விடும் என்பது உண்மை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் செல்லமாக வளர்கிற பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் வாய் அழுகுவது ஊர்வன மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற நோய்களில் ஒன்று. செல்லம் கொடுத்த இடத்தில் நோய் ஏன் வருகிறது?

இந்த இரண்டு புதிர்களும் பல்லியின் உடம்பு நோயை எதிர்க்கும் விதத்தில்தான் போய் முடிகின்றன. அங்கே போகுமுன் இந்தப் பல்லியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

சிறுத்தைப் பல்லி நம் துணைக்கண்டத்துக்காரர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறைச் சரிவுகள் அதன் சொந்த ஊர். கொல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம் வீட்டுப் பல்லிக்கும் அதற்கும் வேறுபாடுகள் உண்டு. அதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை; சுவர் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. நம் பல்லிக்கு இல்லை. வால் தடிமனாக இருக்கும். கொழுப்பைச் சேமிக்கும் குதிர் அது. வளர்ந்த பல்லி ஒன்றின் எடை 45 முதல் 80 கிராம் வரை. ஒரு கோழிமுட்டை அளவுதான்.

வாய்க்குள் ஏறத்தாழ நூறு பற்கள். எல்லாம் ஊசி முனைபோலச் சிறியவை. நமக்குப் பால்பல் விழுந்து ஒரே ஒரு முறை புதுப்பல் முளைக்கிறது. இந்தப் பல்லிக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்தபடியே இருக்கும். ஒவ்வொரு பல்லும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. இது எப்படித் தெரிந்தது என்றால், வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குட்டிப் பல்லிகளை மெழுகில் கடிக்கவைத்தார்கள். பதிந்த பல்வரிசையில் எந்த இடம் காலி, எந்த இடத்தில் புதிய முனை என்று மறுபடி மறுபடி குறித்துவைத்து, பல் மாறும் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். எனவே பெட்டிக்குள் ஒரு பல் கிடந்தாலோ, தின்ற புழுவில் ஒரு பல் குத்தி நின்றாலோ அதுமட்டும் நோய்க்கு அடையாளம் ஆகாது. பல் விழுந்த ஈறு சிவந்து வீங்கியிருந்தால்தான் கவலை.

நூறு பற்கள் ஓயாமல் விழுந்து முளைக்கிற வாயில் சிறு காயங்களுக்குப் பஞ்சமில்லை. நுண்ணுயிர்களுக்கும் பஞ்சமில்லை. எந்த உயிரின் வாயும் ஒரு சந்தை. பாக்டீரியாக்கள் கடை போட்டு உட்கார்ந்திருக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் ஊர்வனவற்றின் வாயில் ‘கிராம் நேர்’ வகை பாக்டீரியாக்கள் அதிகம். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் 1884-இல் கண்டுபிடித்த சாயமுறையிலிருந்து வந்த பெயர் இது. ஊதாச் சாயத்தை ஏற்றிக் கழுவும்போது, தடித்த சுவர் உடைய பாக்டீரியா சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அது கிராம் நேர். மெல்லிய சுவரும் அதன்மேல் கொழுப்புப் போர்வையும் உள்ளது சாயத்தை விட்டுவிடும்; அது கிராம் எதிர்.

நோயுற்ற வாயிலிருந்து எடுத்த மாதிரியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற கிராம் எதிர் வகைகள் சந்தையைப் பிடித்துக்கொள்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவை எங்கிருந்தோ புதிதாகப் படையெடுத்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கிண்ணத்திலும் கழிவிலும் சில சமயம் அந்த வாயிலேயும் கொஞ்சமாக முன்பே இருந்தவைதான். உடம்பு காவலுக்கு நின்றவரை ஒதுங்கிக் கிடந்தன. எனவே மருத்துவர் முதலில் கேட்பது, காவல் ஏன் தளர்ந்தது என்ற கேள்வி.

இதற்கு விடை பெரும்பாலும் வெப்பம்.

பல்லியைக் ‘குளிர் இரத்தப் பிராணி’ என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தம் நம் இரத்தத்தைவிடச் சூடாக இருக்க முடியும். ‘புறவெப்ப உயிரி’ என்று சொன்னால் சரியாக இருக்கும். நம் உடம்புக்குள் ஓர் அடுப்பு அணையாமல் எரிகிறது. வெளியே பனி பெய்தாலும் உள்ளே 37 டிகிரி. பல்லிக்கு வீட்டில் அடுப்பு இல்லை. சூடு வேண்டுமானால் வெயிலுக்கோ சுட்ட பாறைக்கோ போக வேண்டும். போதும் என்றால் நிழலுக்குத் திரும்ப வேண்டும். செரிமானம், பல் வளர்ச்சி, நோயெதிர்ப்பு எல்லாம் அந்தக் கடன்வாங்கிய சூட்டில்தான் நடக்கின்றன.

அப்படியானால் பல்லிக்குக் காய்ச்சல் வருமா? உள்ளே அடுப்பே இல்லாத உயிர் எப்படி உடம்பைச் சுட வைக்கும்?

1970-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாத்யூ குளூகரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் வாழும் பாலை இகுவானா என்ற பல்லியினத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் கடும் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் உள்ள கூண்டில் அவற்றை விட்டார்கள். பல்லி இரண்டுக்கும் நடுவே போய்வந்து தன் உடம்பை ஏறத்தாழ 38 டிகிரியில் வைத்துக்கொண்டது. பிறகு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவைக் கொன்று உடலில் செலுத்தினார்கள். பல்லிகள் வழக்கத்தைவிட அதிக நேரம் சூட்டுப் பக்கத்தில் கிடந்து உடம்பை ஏறத்தாழ 2 டிகிரி ஏற்றிக்கொண்டன. 1974-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது. பல்லி காய்ச்சலைத் தேடி நடக்கிறது. இதற்கு ‘நடத்தைக் காய்ச்சல்’ என்று பெயர்.

அந்தச் சூட்டால் பயன் உண்டா என்பது அடுத்த கேள்வி. இம்முறை உயிருள்ள அதே பாக்டீரியாவைச் செலுத்தி, பல்லிகளைத் தனித்தனியே 34, 36, 38, 40, 42 டிகிரி அறைகளில் அடைத்தார்கள். இப்போது அவற்றால் இடம் மாற முடியாது. சூடான அறைகளில் இருந்தவை தெளிவாக அதிக எண்ணிக்கையில் பிழைத்தன. குளிர்ந்த அறைகளில் சாவு அதிகம். இது 1975-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. மறு ஆண்டு பெர்ன்ஹைமும் குளூகரும் இன்னொரு கதவைத் தட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பிரினின் உறவு மருந்தான சோடியம் சாலிசிலேட்டைக் கொடுத்துக் காய்ச்சலை அடக்கினார்கள். காய்ச்சல் அடங்கிய பல்லிகளில் சாவு கூடியது.

எனக்கு இந்த ஆய்வுகள்மேல் தனி மதிப்பு உண்டு. காய்ச்சல் என்பது நோயின் துன்பமா, உடம்பின் ஆயுதமா என்று மனிதர்களைப் பற்றி நெடுங்காலம் நடந்த விவாதத்துக்கு ஒரு பாலைவனப் பல்லி சாட்சி சொன்னது. நம் கதைக்கு இன்னும் நெருக்கமான விஷயம், அவர்கள் பயன்படுத்திய ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா, ஊர்வனவற்றின் அழுகிய வாய்களில் மருத்துவர்கள் காண்கிற அதே பாக்டீரியா.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்புவோம். எங்கள் வீட்டுப் பல்லிக்கு டியூப்லைட்டின் பட்டி சூடு, சுவரின் நடு மிதமான சூடு, குளியலறை மூலை குளிர்ச்சி. தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். பெட்டிப் பல்லிக்கு நாம் கொடுத்ததுதான் உலகம். சிறுத்தைப் பல்லிக்குப் பெட்டியின் ஒரு முனையில், அது வயிற்றை வைத்துப் படுக்கும் தரை, 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். மறுமுனை 25 அளவில். அது கிடைக்காத பல்லி, குளிர் அறையில் அடைக்கப்பட்ட பாலை இகுவானாவின் நிலையில்தான் இருக்கிறது. தேடி நடக்க இடமில்லாத காய்ச்சல்.

புள்ளியின் பெட்டியில் இதுதான் நடந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிய அழகான வட்ட வெப்பமானி 27 காட்டியது. தரைக்கு அடியில் சூடேற்றும் பாய், அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், எல்லாம் இருந்தன. உணரியின் கம்பி மட்டும் நழுவிப் பாயின்மேலேயே ஒட்டிக் கிடந்தது. பாய் 32 டிகிரி ஆனதும் ‘போதும்’ என்று தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். மேலே கனமான ஓட்டின்மீது படுத்திருந்த பல்லிக்குக் கிடைத்ததோ 26. வெளியே டொரொன்டோவின் ஜனவரி. எத்தனை வாரமாக இப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லா வாயழுகலுக்கும் குளிர் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து உதடு புண்ணாகும். இரும்பு இடுக்கியால் தீனி கொடுக்கும்போது பல்லி வேகமாகப் பாய்ந்து இரும்பைக் கடிக்கும். இரவு முழுக்கப் பெட்டியில் விட்டுவைத்த வெட்டுக்கிளியும் பாச்சையும் தூங்குகிற பல்லியையே கடிக்கும். தோலுரிக்கும்போது உதட்டோரம் மிஞ்சிய பழைய தோல் இறுகி அடியில் அழுக்கைச் சேர்க்கும். மணல் பரப்பிய பெட்டியில் மணல் துகள் ஈறில் குத்தி நிற்கும்.

தீனியிலும் ஒரு பொறி உண்டு. பாச்சையிலும் மாவுப்புழுவிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. கால்சியம் பொடி தூவாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். தாடை எலும்பு ரப்பர் போல வளையத் தொடங்கும்; வாய் முழுதாக மூடாது; உள்ளே ஈரம் காயும்; காய்ந்த சவ்வில் வெடிப்பு விழும். வைட்டமின் ஏ குறைந்தால் வாயின் ஈரச் சவ்வே தடித்துக் காய்ப்புத் தோல் போல மாறிவிடுகிறது. கழனிக்கு வரப்பு எப்படியோ வாய்க்குச் சவ்வு அப்படி. எந்தக் காரணத்தால் உடைந்தாலும் உள்ளே நுழைவது அதே பாக்டீரியாதான்.

சரி, முதல் புதிர். சீழ் ஏன் வழிவதில்லை?

நம் உடம்பில் கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவரும் வெள்ளணு நியூட்ரோஃபில். அது கிருமியை விழுங்கித் தானும் சாகும்போது, உள்ளே வைத்திருக்கும் நொதிகள் வெளியே கொட்டிச் சுற்றியுள்ள திசுவைக் கரைக்கின்றன. அந்தக் கரைசல்தான் சீழ். ஊர்வனவற்றில் இதே வேலையைச் செய்வது ஹெட்டரோஃபில் என்ற அணு. நியூட்ரோஃபிலின் நொதிப் பையில் தாராளமாக இருக்கும் மைலோபெராக்சிடேஸ் அதனிடம் இல்லை. திசு கரைவதில்லை. செத்த அணுக்களும் கிருமிகளும் புரதமும் அடுக்கடுக்காகப் படிந்து, வெங்காயம்போல் தோல் தோலாக இறுகிவிடுகின்றன. சுற்றிலும் நாரால் ஆன ஒரு சுவரும் எழும்புகிறது. தமிழில் இதற்குத் ‘திரள்சீழ்’ என்று பெயர் வைக்கலாம்.

உடம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மோசமான திட்டமில்லை. வீட்டுக்குள் புகுந்த திருடனை ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டியாயிற்று; அவன் மற்ற அறைகளுக்குப் போக முடியாது. ஆனால் போலீஸும் உள்ளே போக முடியாது. அந்தக் கட்டிக்குள் இரத்தக்குழாய் இல்லை. மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எவ்வளவு நல்ல ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் சுவருக்கு வெளியே நின்றுவிடும். அதனால்தான் ஊர்வன மருத்துவர்கள் திரள்சீழை மருந்தால் கரையும் என்று காத்திருப்பதில்லை. கருவி கொண்டு எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் விட்ட கட்டி உள்நோக்கி வளர்ந்து தாடை எலும்பைத் தொட்டுவிட்டால் எலும்பே அழுகத் தொடங்கும். வாயின் தரையில்தான் மூச்சுக்குழலின் வாசலும் இருக்கிறது. அழுகல் துணுக்கு அதற்குள் விழுந்தால் நுரையீரல் அழற்சி.

ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல்லி முனகாது, பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்ளாது. அதன் மொழி சாப்பாடு. பசியோடு பாய்ந்து, கவ்வி, உடனே விட்டுவிடுகிற பல்லிக்கு வாய் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பசியே இல்லாமல் திரும்பிக்கொள்கிற பல்லிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கவ்வி விடுவது வாயைத்தான் காட்டும். அடுத்து முகத்தை நேர் எதிரே நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா? ஒரு பக்கம் உப்பியிருந்தால், உதட்டுக் கோடு கோணியிருந்தால், அதற்கு அர்த்தம் உண்டு. எச்சில் நூலாக இழுபடுவது, உதட்டோரம் காய்ந்த பொருக்கு, வாயருகே கெட்ட வாடை ஆகியவை இன்னும் முற்றிய அடையாளங்கள். தொடக்க நிலையில் ஈறில் ஊசி குத்தியதுபோன்ற சிவப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும். பல்லி கொட்டாவி விடும்போதோ தீனிக்கு வாய் திறக்கும்போதோ பார்த்தால் போதும். வலுக்கட்டாயமாக வாயைத் திறக்க முயல வேண்டாம். கால்சியம் குறைந்த தாடையாக இருந்தால் உங்கள் விரலிலேயே முறிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது ஒரு சமையலறைத் தராசு. கிராம் காட்டுவதாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். 60 கிராம் பல்லி 6 கிராம் இழப்பது 60 கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரியும்.

பொய்யான பயமும் ஒன்று உண்டு. நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த கிரெஸ்டட் கெக்கோவை வளர்ப்பவர்கள் அதன் மேலண்ணத்தின் பின்பகுதியில் இரண்டு வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துச் சீழ் என்று பதறுவார்கள். அவை கால்சியத்தைச் சேமிக்கும் பைகள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, வழவழப்பாக இருக்கும். சுற்றிலும் சிவப்பு இருக்காது. நலமான பல்லியின் அடையாளம் அது. யாராவது அதைச் சுரண்ட முயன்றால் அதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

புள்ளியை இரண்டாம் நாளே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். அங்கே நடந்ததைச் சொன்னால் சிகிச்சையின் தர்க்கம் விளங்கும்.

மயக்க வாயு கொடுத்து வாயைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். மேலே ஒட்டியிருந்ததைத் தவிர்த்து, கட்டிக்கு அடியில் இருந்த திசுவிலிருந்து மாதிரி எடுத்தார்கள். வாய் ஒரு சந்தை என்று சொன்னேன் அல்லவா? மேலாகப் பஞ்சில் தேய்த்தால் சந்தையில் நிற்கிற அத்தனை பேரும் வருவார்கள். குற்றவாளி யார் என்று தெரியாது. ஆழத்தில் பிடிபட்டவர்தான் பெரும்பாலும் ஆள். அந்த மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துத் துளிக்கு அருகில் கிருமி வளராமல் நிற்கிறது என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தார்கள். தாடைக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பு அரிக்கவில்லை என்று உறுதி செய்தார்கள். புண்ணை மிக நீர்த்த குளோர்ஹெக்சிடினால் கழுவினார்கள்.

மருந்து கொடுக்கும் முறையில் நம் கணக்கு எதுவும் செல்லாது. செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் மருத்துவமனையில் மனிதர்களுக்குப் பொதுவாக 8 மணிக்கொருமுறை ஏற்றப்படுகிறது. பாம்புகளில் அதை அளந்து பார்த்து 1984-இல் வெளியான ஆய்வு ஒன்று, 72 மணிக்கொருமுறை போதும் என்று காட்டியது. ஊர்வனவற்றின் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாக வெளியேற்றுகிறது. அந்த வேகமும் சூட்டைப் பொறுத்தது. அமிக்காசின் என்ற மருந்தை கோஃபர் பாம்புகளுக்கு 25 டிகிரியிலும் 37 டிகிரியிலும் கொடுத்துப் பார்த்த 1985 ஆய்வில், சூட்டில் இருந்த பாம்புகளின் உடம்பில் மருந்து அகலமாகப் பரவி விரைவாக வெளியேறியது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே பாம்பினம்; வெப்பம் மாறினால் சிகிச்சையே மாறிவிடுகிறது. அமிக்காசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய மருந்து என்பதால் இந்த வேறுபாடு உயிருக்குச் சமம்.

ஊசியைக்கூட முன்கால் பக்கம்தான் போடுவது பழக்கம். ஊர்வனவற்றில் பின்கால், வால் பகுதிகளின் இரத்தம் இதயத்துக்குப் போகும் வழியில் சிறுநீரகத்துக்குள் நுழைந்து போக முடியும். மருந்து உடம்பைச் சுற்றுமுன்பே கழிந்துபோகலாம் என்ற எச்சரிக்கை அது.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த மருத்துவர் முதல் மருந்தாக எழுதியது சூடு. பெட்டியின் சூட்டுப் பக்கத் தரை இரவும் பகலும் 32 டிகிரி. மறுபக்கம் குளிர்ச்சி அப்படியே இருக்க வேண்டும், பல்லி தேர்ந்துகொள்ள வேண்டும். இதை எல்லாப் பல்லிக்கும் பொருத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994-இல் மறுபடி கண்டெடுக்கப்பட்ட கிரெஸ்டட் கெக்கோவுக்கு 22 முதல் 26 டிகிரிதான் இதம். 28-ஐத் தாண்டினாலே வதங்கும். சூடு மருந்து என்றால், அந்தந்த இனத்துக்கு உகந்த எல்லையின் மேல்விளிம்பு என்றுதான் பொருள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணலை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத் துண்டு விரியுங்கள். புண்ணில் ஒட்டாது, இரத்தமோ சளியோ விழுந்தால் தெரியும். இரண்டு பல்லிகள் இருந்தால் பிரித்துவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். புண் ஆறியதுபோல் தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்.

செய்யக் கூடாததுதான் அதிகம். நகத்தாலோ ஊசியாலோ கட்டியைச் சுரண்டினால் சுவர் உடைந்து கிருமி இரத்தத்தில் கலக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் நாம் வாய் கொப்பளிக்கும் திரவங்களும் மென்மையான சவ்வை எரித்துவிடும். நம் வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் கை தானாக மஞ்சள் தூளுக்குப் போகும். மூச்சுக்குழல் வாசல் வாயின் தரையிலேயே இருக்கிற உயிருக்குத் தூள் எதையும் தூவாதீர்கள். அலமாரியில் மிஞ்சிய மனித ஆன்டிபயாடிக்கும் பாராசிட்டமாலும் வேண்டாம். 60 கிராம் உடம்புக்கு மாத்திரையின் ஒரு துணுக்கும் பல மடங்கு அளவு.

நம் பக்கமும் ஒரு பாதுகாப்பு தேவை. நலமாக இருக்கும் பல்லியும் சால்மொனெல்லாவைச் சுமந்திருக்கலாம். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். பெட்டியின் கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

மூன்றாம் வாரம் புள்ளி ஒரு புழுவைக் கவ்வி, விடாமல் விழுங்கியது. ஆறாம் வாரம் ஊசி நின்றது. 52 கிராமுக்கு இறங்கியிருந்த எடை வசந்தத்தில் 61-க்குத் திரும்பியது. உணரிக் கம்பி இப்போது பல்லி படுக்கும் ஓட்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அக்காள் மகள் தினமும் காலையில் தனியாக ஒரு வெப்பமானியால் தரையைத் தொட்டுப் பார்த்துக் குறித்துவைக்கிறாள்.

ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் குறைவு. நாய்க்கும் மாட்டுக்கும் நன்றாக வைத்தியம் செய்கிற மருத்துவர் பல்லியைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது பல்லி வளர்த்தால், அதற்கு நோய் வரும்வரை காத்திருக்காமல், அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்று இன்றே விசாரித்து எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், அந்த எண் கையில் கிடைத்தபிறகு வாங்கச் சொல்லுங்கள்.